பதினோரு தடவை திருப்பிய சாவி

குவைத்திலிருந்து வந்து இறங்கிய என் அண்ணன் ராய்மோன் முதலில் போய்ப் பார்த்தது அப்பாவின், எங்கள் அப்பச்சனின், கல்லறையை இல்லை, காரை. அவனைப் பற்றிப் பேசும்போது ‘போனார், வந்தார்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரியாதை பார்ப்பவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணி. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை நான்கு நாளாக விடாமல் பெய்து, ரான்னியில் ரப்பர் மரமெல்லாம் கறுத்துப்போய் நின்றது. டாக்சிக்காரன் பெட்டிகளைப் போர்டிகோவில் இறக்கி வைத்தான். அங்கேதான் அந்த வெள்ளைக் கார் ஒரு வருடமாகச் சாம்பல் நிற உறைக்குள் கிடந்தது. நான் அதன் பக்கமே போவதில்லை. கேட்டுக்குப் போக வேண்டுமென்றால்கூடச் சமையலறை வழியாக நனைந்துகொண்டு சுற்றித்தான் போவேன்.

“எடீ ஷேர்லி, சாவி எங்க?”

“அப்பச்சன் படத்துக்குக் கீழ இருக்கு. அங்க ஒரு நிமிஷம் நின்னு ஜெபம் பண்ணிட்டு எடு அச்சாயா.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? சாயங்காலம் செங்கன்னூர்ல இருந்து ஒருத்தன் வண்டியப் பாக்க வர்றான். தள்ளி விட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

உறையை உருவினான். உள்ளே அடைந்து கிடந்த வாடை வெளியே வந்தது. பூஞ்சை, எலிப் புழுக்கை, அதற்கும் அடியில் கற்பூரத் தைலம்.

நான் உள்ளே போய்விட்டேன். அந்தத் தைலத்தைத் தேய்த்தது இந்தக் கைதான்.

போன வருடம் ஒரு புதன்கிழமை. ஹர்த்தால், ஊர் முழுக்கக் கடையடைப்பு. ரோட்டில் ஒரு ஆட்டோ கிடையாது. காலையில் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பச்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தைலத்தைத் தேய்த்துப் பார்த்தேன், கேட்கவில்லை. எப்படியோ தாங்கிப் பிடித்துக் காரின் பின்சீட்டில் ஏற்றினேன். கோழஞ்சேரியில் ஆஸ்பத்திரி, அரை மணி நேரம்தான். எனக்கு ஓட்டத் தெரியும். சாவியைத் திருப்பினேன்.

ஒன்றும் இல்லை.

மறுபடி திருப்பினேன். அப்பச்சன் கல்யாண மோதிரத்தால் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். வாத்தியாராகப் பள்ளிக்கூடத்தில் மேஜையைத் தட்டிய பழக்கம், மூன்று தட்டு, எதற்கும் அப்படித்தான். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “இன்னும் ஒரு தடவ போடு மோளே.”

அப்படிப் பதினோரு தடவை. அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு ராய்மோன் வந்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் பார்க்க பானெட்டைத் திறந்து குனிந்தான். பக்கத்து வீட்டு ஜீப்பிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தும் காட்டினான். “பாத்தீங்களா? பேட்டரி எறங்கிப்போயிருக்கு. கார்ல உக்காந்து பாட்டு கேட்டே தீத்துட்டா.” பிறகு எல்லோர் முன்னாலும் பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டான். “இனி இவ இதத் தொடக் கூடாது.”

புருஷனை விட்டு வந்தவள், தனியாகக் காரில் உட்கார்ந்து பாட்டு கேட்பவள். ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் கேட்டதும் நிஜம்தான். வங்கியிலிருந்து வந்து சில சாயங்காலம் கேட்டிருக்கிறேன். அதனால் என்னால் மறுத்துப் பேசக்கூட முடியவில்லை. அப்பச்சனின் தங்கை ஏலிக்குட்டி அம்மாயி சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என் முகத்துக்கு நேரே சொன்னாள்: “பாட்டு கேட்டு அப்பனக் கொன்னுட்டியேடீ.” அன்றிலிருந்து அதுதான் என் பேர். ராத்திரி கண்ணை மூடினால் நானே என்னை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதைச் சுமந்துகொண்டுதான் அன்று சமையலறையில் நின்றேன். வெளியே ராய்மோன் ஒயரை மாட்டிப் பார்த்து, அது ஏதோ முனகி நின்றுபோக, தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டுப் பிரசன்னனுக்குப் போன் செய்தான். பிரசன்னன் ரான்னியில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான், வீட்டுக்கே வந்து பார்ப்பான். மழைக்கோட்டும் காலடியில் ஒரு புது பேட்டரியுமாக ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான்.

“சேச்சி, ஒரு கெட்டில் வெந்நீர் தாங்க. டெர்மினல் பூத்துக் கெடக்கு.”

கொண்டுபோனேன். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருந்ததை அவன் வெந்நீர் ஊற்றிக் கரைத்தான், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான், ஒயரை இறுக்கினான். ராய்மோன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

டிக்டிக்டிக்டிக்டிக்.

மேலே இருந்த சின்ன விளக்கு மங்கி மங்கி எரிந்தது.

“இதான் சாரே எறங்கின பேட்டரியோட சத்தம். புதுசு மாட்டிருவோம்” என்றான் பிரசன்னன்.

நான் கெட்டிலோடு அப்படியே நின்றேன். இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பதினோரு தடவையில் ஒரு தடவைகூட.

“பிரசன்னா, பேட்டரி எறங்கினா எப்பவும் இந்த டிக்டிக் வருமா?”

“வரும் சேச்சி. ரொம்ப எறங்கிட்டா ஒரே ஒரு ‘டக்’ வரும். மேல லைட்டாவது மினுக்கும்.”

“ஒண்ணுமே வரலன்னா? லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. நாலு நாளைக்கு முன்னாடி நல்லா ஓடின வண்டி.”

“அதுக்குப் பேட்டரியக் குத்தம் சொல்லக் கூடாது. ஒயர் கழண்டிருக்கும். நல்லா இறுக்கின ஒயர் தானாக் கழலாது. யாராச்சும் கழட்டியிருக்கணும்.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு ராய்மோனைப் பார்த்தான். பிரசன்னனும் அடக்கத்துக்கு வந்து அந்த ஜீப் வித்தையைப் பார்த்தவன்தான்.

“எடீ, போய் கட்டன் சாயா போடு. வேல நடக்கற எடத்துல என்ன பேச்சு?” என்றான் ராய்மோன். குரல் கீச்சென்று வந்தது.

நான் நகரவில்லை. எங்கள் பக்கத்தில் வளைகுடாவில் வேலை செய்கிற ஆண்கள் லீவு முடிந்து கிளம்பும்போது பேட்டரி இறங்காமலிருக்க அதன் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது கிடையாது. நான் இருக்கிறேனே, சனிக்கிழமைதோறும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட. ஆனால் அப்பச்சன் போவதற்கு முந்தைய சனிக்கிழமை, அவன் லீவில் வந்திருந்தபோது, அவனைக் கேட்காமல் அப்பச்சனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய், கேட்டுச் சுவரில் கதவை உரசிவிட்டேன். “என் வண்டியத் தொட்டா கைய ஒடிப்பேன்” என்று கத்தினான். மறுநாள் விமானத்துக்குக் கிளம்புமுன் போர்டிகோவில் தனியாகப் பத்து நிமிடம் நின்றான். டயரில் காற்று பார்க்கிறான் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

“நீதான் கழட்டின.”

“பைத்தியமாடீ உனக்கு?”

“கழட்டிட்டு சொல்லாமப் போயிட்ட. அடக்கத்தன்னிக்குக் குனிஞ்சப்ப மெதுவா மாட்டிட்டு, ஜீப்புலருந்து ஒயர் இழுத்து நாடகம் ஆடின. ஒரு வருஷமா ஊரே என்னக் காறித் துப்புது, நீ அங்க உக்காந்து ‘அய்யோ பாவம் ஷேர்லி’ன்னு போன்ல பேசின!”

“நிரூபிடீ பாக்கலாம்!” என்று கத்திவிட்டுக் கார்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

கெட்டிலில் மிச்சம் வெந்நீர் இருந்தது. அவன் மூஞ்சியில் ஊற்றியிருப்பேன், பிரசன்னன் குறுக்கே வந்து பிடித்துக்கொண்டான். “சேச்சி, வேண்டாம். நான் மாட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன். உங்க வீட்டு விஷயம் உங்களோட.”

புது பேட்டரியை வைத்தான். மீட்டர் முள்ளை இரண்டு பக்கமும் தொட்டு, பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருப்பதை என்னிடமே காட்டினான். ஸ்பேனரால் இரண்டு ஒயரையும் இறுக்கி, ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

“போடுங்க சாரே.”

ராய்மோன் சாவியைத் திருப்பினான்.

ஒன்றும் இல்லை.

 அந்த ‘ஒன்றும் இல்லை’யை எனக்குத் தெரியும்.

பிரசன்னன் குனிந்தான். கறுப்பு ஒயர் முனையிலிருந்து கழன்று பேட்டரிக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்தது. “நான் இறுக்கினேன் சேச்சி. நீங்க பாத்தீங்கல்ல?” மறுபடி மாட்டினான், பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். சாவி திரும்பியது. ஒயர் கழன்று கிடந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கழன்றதை இருவருமே பார்க்கவில்லை.

மூன்றாம் முறை அவன் ஒயரைத் தொடவில்லை. பேட்டரியையே தூக்கித் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

அப்போது காருக்குள் விளக்கு எரிந்தது.

பின்சீட்டுக்கு மேலே இருக்கும் விளக்கு.

நான்கு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றாக ‘டப்’பென்று விழுந்தன. ராய்மோன் கதவை இழுத்தான், தள்ளினான், தோளால் இடித்தான். திறக்கவில்லை. மூடிய காரிலிருந்து கற்பூரத் தைல வாடை போர்டிகோ முழுக்கப் பரவியது. பின்பக்கக் கண்ணாடியில் மட்டும், யாரோ நெருங்கி உட்கார்ந்து மூச்சு விட்டதுபோல், உள்பக்கமாக ஆவி படர்ந்தது.

டக். டக். டக்.

கண்ணாடியில் மோதிரம்.

ராய்மோன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் தொங்கும் பின்பார்வைக் கண்ணாடியில் எதையோ பார்த்துவிட்டான் என்று மட்டும் தெரிந்தது, முகம் அப்படி வெளிறியது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“இன்னும் ஒரு தடவ போடு மோனே.”

அவன் சாவியைத் திருப்பினான்.

“இன்னும் ஒரு தடவ.”

பிரசன்னன் ஜாக்கி லீவரை எடுத்துக் கண்ணாடியை உடைக்க ஓடினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது.

“விடு பிரசன்னா. மூணு ஆச்சு. பதினொண்ணு வரைக்கும் போகட்டும்.”

“சேச்சி, அந்த ஆளு செத்துருவாரு!”

“நான் சாகலையே!”

சத்தமாக எண்ணினேன். ஏழாவதில் அவன் விரலில் தோல் கிழிந்து சாவியில் ரத்தம் ஒட்டியது. ஒன்பதாவதில் அழுதான். பதினொன்றாவதில் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அலறினான்: “நான்தான் கழட்டினேன் அப்பச்சா! நான்தான்!”

பூட்டு திறந்தது. விளக்கு அணைந்தது.

ராய்மோன் இறங்கி வந்து படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பிரசன்னன் பேட்டரியையும் ஸ்பேனரையும் அப்படியே போட்டுவிட்டு, மழைக்கோட்டுகூடப் போடாமல் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய்விட்டான்.

“அவளுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்னுதான் கழட்டினேன் மோளே. அப்பச்சனுக்கு இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?” என்னிடமே என்னை ‘அவள்’ என்று சொன்னான்.

“நாளைக்கு ஆண்டுப் பிரார்த்தன. எல்லாரும் வருவாங்க. கல்லறைல நின்னு சொல்லு.”

“சொல்றேன். சத்தியமா சொல்றேன்.”

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. கல்லறைத் தோட்டத்தில் குடையும் கறுப்புப் புடவையுமாக நாற்பது பேர். பாதிரியார் ஜெபித்து முடித்து, தூபம் காட்டினார். ராய்மோன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். 

“எல்லாம் கடவுள் சித்தம். ஒரு பேட்டரியால எங்க அப்பச்சன் போனாரு. நான் யாரையும் குத்தம் சொல்லல. என் தங்கச்சியையும் நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்.”

மன்னித்துவிட்டானாம்!

“பொய் சொல்றான்!” என்று கத்தினேன். “ஒயரக் கழட்டினது அவன்!”

“கல்லறைலயாவது வாய அடக்குடீ” என்றாள் ஏலிக்குட்டி அம்மாயி. “தங்கமான பையன். அவன் பாரத்த இன்னும் ஏத்தாத.”

அவன் என் பக்கமே பார்க்காமல், கம்பெனியிலிருந்து அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு, பெட்டியோடு காத்திருந்த டாக்சியில் ஏறினான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்த டாக்சி. அவன் கதவைச் சாத்தியதும் நின்றது. டிரைவர் சாவியைத் திருப்பினான். விளக்கு இல்லை, சத்தம் இல்லை. “இதென்ன எழவு? எறங்குங்க சாரே, பாக்கறேன்.” ராய்மோன் இறங்கியதும் டாக்சி ஸ்டார்ட் ஆனது. ஏறினான், செத்தது.

அம்மாயியின் மகன் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். போன மாதம் வாங்கிய கார். ராய்மோன் உட்கார்ந்ததும் டேஷ்போர்டு இருண்டது. முதலில் சிலர் சிரித்தார்கள். “என்ன ராய்மோனே, பேட்டரிக்கும் உனக்கும் ஆகாதா?”

பாதிரியார் தன் வண்டியைக் கொடுத்தார். அதில் அவன் ஏறி உட்கார்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

டக். டக். டக்.

பின்பக்கக் கண்ணாடி. நாற்பது பேரும் கேட்டார்கள். பட்டப்பகல், பின்சீட்டில் யாரும் இல்லை.

ஏலிக்குட்டி அம்மாயியின் கையிலிருந்து ஜெபப் புத்தகம் விழுந்தது. “கர்த்தாவே! இது குரியச்சாயன் தட்டறது. என் அச்சாயனோட மோதிரம்!”

ராய்மோன் காரிலிருந்து தவழ்ந்துகொண்டு இறங்கி, சேற்றில் மண்டியிட்டு, எல்லாவற்றையும் சொன்னான். சனிக்கிழமைச் சண்டை, கழற்றிய ஒயர், அடக்கத்தன்று குனிந்து மாட்டியது, என்மேல் போட்ட பழி. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் டாக்சி தானாக உறுமியது. ஒருவரும் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. தனியாக எழுந்து ஏறிப் போனான்.

அம்மாயி வந்து என் கையைப் பிடித்தாள். “மோளே, நாங்க என்னென்னவோ சொல்லிட்டோமே...”

கையை உருவிக்கொண்டேன். ஒரு வருடம் எரிந்தது ஒரு ‘மோளே’யில் அணையுமா? வீட்டுக்கு நடந்தேன்.

அப்பச்சனுக்கு நியாயம் கிடைத்துவிட்டது, இனி அமைதியாகிவிடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டைத் திறந்தேன்.

போர்டிகோவில் பானெட் திறந்தபடி கார். தரையில் பேட்டரி. பக்கத்தில் ஸ்பேனர்.

பின்சீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டக். டக். டக்.

“இன்னும் ஒரு தடவ போடு மோளே.”

மூச்சு வாங்கும் அதே குரல். அதில் கோபமே இல்லை. கோபமெல்லாம் என்னுடையதாகத்தான் இருந்திருக்கிறது. அவருக்கு நியாயமும் வேண்டாம், பழியும் வேண்டாம். நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். ஒரு வருடமாக அந்த உறைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார், நான் சமையலறை வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

பானெட்டை மூடினேன். பேட்டரியைத் தொடவில்லை. உட்கார்ந்து, ரத்தம் காய்ந்த சாவியைத் திருப்பினேன். பன்னிரண்டாவது தடவை.

முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்தது.

வழி முழுக்க நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. “இதோ வந்துட்டோம் அப்பச்சா, இதோ வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கோழஞ்சேரி ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தினேன். ஒரு அட்டெண்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, குனிந்து, காலியான சீட்டை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார்.

“மெதுவா எறங்குங்க அப்பச்சா. மோதிரக் கைய எங்கிட்டக் குடுங்க.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க சேச்சி. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க.”